சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு விளக்கு

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லிப் பக்கத்தை நிரப்ப மாட்டேன். திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். நேற்று பஸ் நிலையத்தில் உன் தம்பியைப் பார்த்தேன். "அக்கா வீட்டுக்குப் பத்து நாளில் மேல்தளம் போடுகிறார்கள்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டு மேசைக்கு எந்த மாதிரி விளக்கு வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே, அதற்கான பதில் தளம் போடுவதற்கு முன்பே உன் கையில் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பத்தாம் வகுப்பு.

புதுமனை புகுந்தபோது நாங்கள் வாங்கிய கண்ணாடிச் சரவிளக்கு உனக்கு நினைவிருக்கும். 30 அங்குல அகலம், எட்டு பல்புகள். "பெரிய வீட்டுக்குப் பெரியதுதான் எடுப்பு" என்றார் கடைக்காரர். மேசையின் அகலமே 36 அங்குலம்தான் என்பதை அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. முதல் நாளே அப்பா நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவருக்கு வலது கண்ணில் புரை. புரை விழுந்த கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும். மூடியில்லாத பல்பைப் பார்த்தால் ஊசியால் குத்துவதுபோல் இருக்குமாம். ஆகவே அதை அணைத்துவிட்டுச் சுவரிலிருந்த டியூப் லைட்டையே போட்டோம். அந்த டியூப் லைட் அப்பாவின் நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்தது.

சில மாதங்களில் அப்பா மீனை நிறுத்திவிட்டார். சாளைக் குழம்பு என்றால் இரண்டு தட்டு சோறு உண்பவர், "வாய்க்குப் பிடிக்கவில்லை" என்று ரசத்தோடு எழுந்துவிடுவார். ஒருமுறை தொண்டையில் முள் மாட்டியது எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். செல்வி, போன ஆவணியில் ஒருநாள் இரவு மின்சாரம் போனது. எமர்ஜென்சி விளக்கை மேசையின் நடுவில், துணி போட்டு மறைத்து வைத்தேன். அப்பா பேசாமல் மீன் தட்டை இழுத்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் அடுக்கிவிட்டுச் சாப்பிட்டார். அவர் தலையின் நிழல் அவர் தட்டிலேயே விழுந்துகொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். முள் தெரியவில்லை என்று சொல்ல மனமில்லாமல் அத்தனை மாதம் ரசம் சாப்பிட்டிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் அகலம், மேசை அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கலாம். எங்கள் மேசைக்கு 18 முதல் 24 அங்குலம். இன்னொரு கணக்கும் உண்டு: அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டினால் வரும் எண்ணை அங்குலமாகக் கொள்வது. எங்கள் அறை 12க்கு 10, ஆக 22. இரண்டு கணக்கும் முரண்பட்டால் மேசைக் கணக்கையே நம்பு. கூடமும் சாப்பாட்டு அறையும் ஒன்றாகவே இருக்கும் வீட்டில் அறைக் கணக்கு விளக்கைப் பூதமாக்கிவிடும்.

உயரத்தில்தான் எனக்கு ஒரு வாக்குவாதம் உண்டு. மேசைப் பலகையிலிருந்து விளக்கின் அடிவிளிம்பு வரை 30 முதல் 36 அங்குலம் என்கிறார்கள். எல்லோரும் உட்கார்ந்து தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வீட்டுக்கு 30 சரி. நம் வீட்டில் ஒருவர் நின்று, குனிந்து, குழம்பு ஊற்றுவார். நான் 36 வைத்தேன். அதற்கு முன் 22 அங்குல வட்டமாக அட்டையை வெட்டி, சணலில் கட்டி மூன்று நாள் தொங்கவிட்டேன். அம்மா பரிமாறும்போது நெற்றியில் இடிக்கவில்லை, எதிரே இருப்பவரின் முகமும் மறையவில்லை. நீயும் வாங்குவதற்கு முன் இதைச் செய். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வடிவத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது கவிழ்த்த கிண்ணம்போல ஒரு அலுமினிய மூடி, உட்புறம் வெள்ளை. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் பல்பு தெரியவே கூடாது. டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன் இந்த ஒன்றுக்காகவே பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். 1958இல் அவர் அமைத்த பி.ஹெச். 5 விளக்கில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாதபடி தகடுகளை அடுக்கியிருக்கிறார். அதன் அகலம் 50 சென்டிமீட்டர், ஏறக்குறைய 20 அங்குலம். நம் மேசைக் கணக்குக்குள் அது அடங்குகிறது பார்த்தாயா! எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு ஆகாது. உனக்குத் தென்காசியில் அந்தக் கவலை இல்லை. ஆனால் கண்ணாடிச் சரம் மட்டும் வேண்டாம். தாளிப்புப் புகை படிந்தால் ஒவ்வொரு மணியாகத் துடைக்க வேண்டும்.

பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 6500 கெல்வின் வேண்டாம். அந்த நீல வெள்ளையில் குழம்பு சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். 2700 அல்லது 3000 வாங்கு. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ.; பல்பின் அட்டையில் சி.ஆர்.ஐ. 90 என்று இருந்தால் கறிவேப்பிலை பச்சையாகவே தெரியும். வீட்டில் வயதானவர்களின் கண்ணை நினைத்து வாட்டைக் குறைக்காதே. வயதான கண்ணுக்கு நம்மைவிட அதிக வெளிச்சம் வேண்டும், கூச்சம்தான் கூடாது.

இப்போது அவசரம் எதற்கென்றால், மேசைக்கு நேர் மேலே மின்விசிறி வந்துவிட்டால் விளக்குக்கு இடமே இல்லை. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, கான்கிரீட்டைத் துளைத்துப் புதுக் கொக்கி போட்டோம். விசிறிக் காற்றில் விளக்கு ஆடி நிழலும் ஆடியது. பிறகு ஒயரை எடுத்துவிட்டுக் குழாயில் தொங்கவிட்டோம். உனக்கு இந்தப் பாடு வேண்டாம். சென்ட்ரிங் பலகை மீது கம்பி கட்டும்போதே நீ அங்கே நில். மேசை வரும் இடத்தைச் சுவரிலிருந்து அளந்து நடுப்புள்ளியைக் குறித்து, அங்கே கொக்கியுள்ள ஒரு ஃபேன் பாக்ஸும் ஒயருக்குத் தனிக் குழாயும் பதிக்கச் சொல். மின்விசிறிக்கு நான்கு அடியாவது தள்ளி இன்னொன்று. சுவிட்சும் தனித்தனியாக இருக்கட்டும்.

இன்று சாளைக் குழம்பு. அப்பா கடைசி மீனைப் பேத்திக்கு வைத்துவிட்டு, அதன் முள்ளையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

தளம் போடும் நாளைத் தெரிவி. முடிந்தால் முதல் நாளே வந்து நிற்கிறேன்.

உன்,
கனி