ஓவர்குளொக் பண்ண முதல் லெப்டொப்பைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு டவுனிலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் சரி, கம்பஸ் போகும் பிள்ளைகளிடம் இப்போது ஒரே கதை: "லெப்டொப் ஸ்லோ, ஓவர்குளொக் பண்ணினால் சரிவரும்." ஓவர்குளொக் என்றால் லெப்டொப்பின் மூளையான புரொசஸரை, கம்பனி வைத்த வேகத்துக்கு மேலே ஓடவைப்பது. அதைச் செய்து தருகிறோம் என்று காசு வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். லெப்டொப் திருத்துவதுதான் என் தொழில், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

நம் பிள்ளைகள் கையில் இருக்கும் லெப்டொப்களில் பெரும்பாலானவற்றை ஓவர்குளொக் செய்யவே ஏலாது. புரொசஸரின் வேகம் என்பது 100 மெகாஹேர்ட்ஸை ஒரு எண்ணால் பெருக்கி வருவது; அந்த எண் 34 என்றால் 3.4 கிகாஹேர்ட்ஸ். அதற்கு மேலே போக விடாமல் இன்டெல் கம்பனி பூட்டித்தான் அனுப்புகிறது. புரொசஸரின் மாடல் பெயரின் கடைசியில் யூ, பி, அல்லது வெறும் எச் என்று வந்தால் அநேகமாகப் பூட்டுத்தான். எச்கே, எச்எக்ஸ் என்று முடிகிற புரொசஸர் உள்ள, விலை கூடிய கேமிங் லெப்டொப்களில் சிலவற்றில்தான் திறந்திருக்கும், அதுவும் லெப்டொப் செய்த கம்பனி பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளில் அதற்கு இடம் விட்டிருந்தால்தான். மற்றப் புரொசஸர் கம்பனியான ஏஎம்டி பக்கமும் நிலைமை பெரிதாக வேறில்லை.

அப்படியென்றால் காசு வாங்கிக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்? அப்படி "ஓவர்குளொக்" செய்யப்பட்ட ஒரு லெப்டொப் என்னிடம் வந்தது. விண்டோஸில் பவர் பிளானை ஹை பெர்போமன்ஸுக்கு மாற்றியிருந்தார்கள், வேறு எதுவுமே இல்லை. அந்த வேலைக்கு அரை நிமிடம் போதும். அதற்கு ஒரு மாணவியிடம் ஆயிரக்கணக்கில் வாங்கியிருக்கிறார்கள். கடையின் பெயரை எழுத விரும்பவில்லை, ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த லெப்டொப்பில் இருந்தது இன்டெல்லின் ஐ5-8250யூ என்ற புரொசஸர். அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ், தேவைப்படும்போது தானாகவே 3.4 வரை ஏறும்; இதைத்தான் டர்போ என்பார்கள். அதாவது இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தைக் கம்பனியே கொடுத்துத்தான் விற்றிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கினால் புரொசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். பின்பக்க மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்து காற்றுப் போக வழியே இல்லை, சூட்டைக் கடத்தப் பூசும் தேமல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. கடற்கரைப் பக்கத்து வீடு, திருகாணிகள்கூடத் துருப்பிடித்திருந்தன. இந்த நிலையில் இருக்கிற ஒன்றுக்கு வேகத்தைக் கூட்டி என்ன பயன், இருக்கிற வேகத்தையே அதனால் தாங்க முடியவில்லையே! துப்புரவாக்கிப் புதுப் பேஸ்ட் வைத்ததும் பழையபடி ஓடத் தொடங்கியது.

பூட்டு இல்லாத லெப்டொப் வைத்திருப்பவர்களும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மின்சாரச் செலவு வேகத்தோடு ஏறுகிறது, வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகத்தை 10 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால் மின்சாரமும் அதனால் வெளிவரும் வெப்பமும் ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். மேசைக் கணினியில் சூட்டை வெளியேற்றும் பெரிய ஹீட்சிங்க் போட்டுச் சமாளிக்கலாம், விரல் தடிப்புக்கூட இல்லாத லெப்டொப்பில் எங்கே போடுவது? அதுவும் நம்மூரில், சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில். ஏசி போட்ட 22 பாகை அறைக்கும் நம் 34 பாகை அறைக்கும் உள்ள 12 பாகை வித்தியாசம் அப்படியே புரொசஸரின் தலையில்தான் ஏறும். இப்போதைய லெப்டொப்களில் அநேகமாக புரொசஸர் மதர்போர்ட் என்ற பிரதான பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, ஒன்று பழுதானால் மற்றதும் போச்சு.

உண்மையில் பலன் தந்தது இதற்கு நேர்மாறான வேலைதான். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் கொஞ்சம் குறைத்தால் சூடு குறையும், டர்போ கூடிய நேரம் நிற்கும். ஆனால் 2019 டிசம்பரில் வோல்டேஜை மாற்றும் வழியையே பாவித்துத் தாக்கக்கூடிய பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பயோஸ் அப்டேட்டோடு பல லெப்டொப்களில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. பாதுகாப்புக்காக வந்த அப்டேட்டைக் கழற்றிவிட்டு அதைச் செய்யுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பிள்ளைக்கு லெப்டொப் ஸ்லோ என்றால் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்எஸ்டியா என்பது. ஹார்ட் டிஸ்க் என்றால் அந்தக் காசை எஸ்எஸ்டிக்குப் போடுங்கள், வித்தியாசம் ஓன் பண்ணும்போதே தெரியும். ரேம் 4 ஜிபி என்றால் அதையும் கூட்டப் பாருங்கள், கூட்ட இடமிருந்தால். இவ்வளவும் செய்த பிறகும் வீடியோ எடிட்டிங் மாதிரி பாரமான வேலைக்குப் போதவில்லை என்றால் அந்த புரொசஸரின் எல்லை அவ்வளவுதான்.

அதையும் மீறி யாராவது ஓவர்குளொக் பண்ணித் தருகிறேன் என்றால் காசு கொடுக்க முதல் ஒன்று கேளுங்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் உங்கள் கண்முன்னே கால் மணித்தியாலம் பாரமான வேலை கொடுத்து ஓடவிட்டு, சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் லெப்டொப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

லெப்டொப் திருத்துநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.