ஒரு மடலை நீக்கப் போய் முப்பது மடல் போகலாமா?

ஆசிரியருக்கு,

மின்னஞ்சல் பெட்டி நிரம்பித் தவிப்பவர்களுக்கு யோசனை சொன்ன தங்கள் தொழில்நுட்பப் பக்கக் குறிப்பில், ‘பெரிய இணைப்புள்ள மடல்களைத் தேடி, மொத்தமாக நீக்கிவிடுங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. ஜிமெயிலில் அதை அப்படியே செய்தால், வேண்டாத ஒரு மடலோடு வேண்டிய மடல்களும் சேர்ந்து போகும். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஆவணத்தை இழக்கும் கதை இது.

தேடல் பெட்டியின் வலது ஓரத்துக் குறியை அழுத்தி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடுகிறோம். வரும் பட்டியலில் ஒரு வரி என்பது ஒரு மடல் அல்ல, ஒரு உரையாடல், அதாவது ஒரு மடலும் அதைத் தொடர்ந்த பதில்களும் சேர்ந்த தொகுப்பு. அதற்குள் 30 மடல்கள் இருந்து, அதில் ஒன்றே ஒன்று 12 எம்பியாகவும் மற்றவை இரண்டு வரிப் பதில்களாகவும் இருக்கலாம். அந்த வரியில் டிக் போட்டுக் குப்பைத்தொட்டியை அழுத்தினால் 30-ம் போகும். அவற்றுக்கு நீங்கள் எழுதிய பதில்களும் ‘சென்ட்’ பகுதியிலிருந்து மறையும். இந்தக் கடைசி விஷயம்தான் பலருக்கும் தெரிவதில்லை. அனுப்பியவை பத்திரமாக வேறோர் இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். கம்பியில் குத்திவைத்த கடிதங்களில் ஒன்றை உருவுவதற்குப் பதில் கம்பியோடு தூக்கி எறிவது போலத்தான்.

ஒரு மடலை மட்டும் நீக்குவது எளிது. கணினியில் உரையாடலைத் திறந்து, உரிய மடலின் மேல் அழுத்தி விரியுங்கள். அந்த மடலின் வலது மேல் மூலையில், பதில் அம்புக்குப் பக்கத்தில், மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் ‘டெலீட் திஸ் மெசேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது மட்டும் போகும். திரையின் உச்சியில் இருக்கும் குப்பைத்தொட்டியைத் தொடக் கூடாது. அது முழு உரையாடலுக்கும் உரியது. நீக்கியது 30 நாள் ‘டிராஷ்’ பகுதியில் கிடக்கும், அதுவரை மீட்கலாம். ஆனால் அதுவரை அது இடத்தையும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். உடனே இடம் வேண்டுமென்றால் டிராஷுக்குள் போய் நிரந்தரமாக அழிக்க வேண்டும்.

நீக்க வேண்டிய பெரிய மடல்கள் நிறைய என்றால் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு என் யோசனை: பல்சக்கரக் குறியை அழுத்தி ‘சீ ஆல் செட்டிங்ஸ்’ போய், ‘ஜெனரல்’ பக்கத்தில், மடல்களை உரையாடலாகத் தொகுத்துக் காட்டும் ‘கான்வர்சேஷன் வியூ’ என்பதை ‘ஆஃப்’ செய்யுங்கள். பக்கத்தின் அடியில் ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்த மறந்தால் ஒன்றும் நடக்காது. இப்போது தேடினால் ஒவ்வொரு மடலும் தனி வரியாக வரும். நீக்க வேண்டியதை நீக்கிவிட்டு மறுபடி ‘ஆன்’ செய்துகொள்ளலாம். இந்த வசதி மடல்கள் திரையில் தெரியும் விதத்தை மட்டுமே மாற்றுகிறது, மடல்கள் எப்போதும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. 2004-ல் ஜிமெயில் வந்தபோது இதை அணைக்கவே வழியில்லை. 2010-ல்தான் அந்தத் தேர்வைக் கொடுத்தார்கள்.

ரகசியத்துக்காக ஒரு மடலை நீக்குகிறவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. அதற்குப் பின் வந்த பதில்களின் அடியில் பழைய மடலின் வாசகம் மேற்கோளாக ஒட்டிக்கொண்டிருக்கும். சிறிய மூன்று புள்ளிகளுக்குள் மடிந்திருப்பதால் கண்ணில் படாது. மூலத்தை அழித்தாலும் நகல் அங்கே இருக்கும். பெறுநரின் பெட்டியில் இருப்பதோ உங்கள் கைக்கே எட்டாது. இணைப்புக் கோப்பு மட்டும் பொதுவாகப் பதில்களோடு போவதில்லை, ஃபார்வர்ட் செய்தால்தான் போகும்.

மற்ற வேலைகளிலும் இதே குழப்பம் உண்டு. உச்சியில் உள்ள அச்சுக் குறி முழு உரையாடலையும் அச்சிடும். ஒரு மடல் போதும் என்றால் அந்த மடலின் மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் ‘பிரிண்ட்’டைப் பயன்படுத்துங்கள். அடியில் இருக்கும் ‘ரிப்ளை’ கடைசி மடலுக்குப் போகிறது. நடுவில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல, அவருடைய மடலை விரித்து அதிலுள்ள அம்பையே அழுத்த வேண்டும். நீண்ட உரையாடலில் முக்கியமான மடலுக்கு அதன் உள்ளேயே நட்சத்திரம் இட்டால் தேடும் சிரமம் குறையும். பாதியில் விட்ட இடத்தை நினைவில் வைக்க, அந்த மடலில் ‘மார்க் அஸ் அன்ரீட் ஃப்ரம் ஹியர்’ கொடுங்கள். அதற்கு முந்தையவை படித்தவையாகவே இருக்கும். வரும் மடல்களை நாம் சொன்ன நிபந்தனைப்படி தானே வகைபிரிக்கும் ஃபில்டர்களோ ஒவ்வொரு மடலையும் தனியாகவே பார்க்கின்றன. முதல் மடல் சிக்கினாலும், அதற்கு வரும் பதில் அதே நிபந்தனைக்குள் அடங்காவிட்டால் தப்பிவிடும்.

சம்பந்தமில்லாத மடல்கள் ஏன் ஒன்றாகச் சேர்கின்றன என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் அதற்கென ஓர் அடையாள எண் உண்டு. எந்த மடலுக்கு இது பதில் என்ற குறிப்பும் உண்டு. மென்பொருள் அவற்றையும் பொருள் வரியையும் (சப்ஜெக்ட்) பார்த்துச் சேர்க்கிறது. புது விஷயம் எழுத, பழைய மடலைத் திறந்து ‘ரிப்ளை’ அடித்து முகவரி தட்டும் வேலையை மிச்சம் பிடிக்கும் சோம்பல் பழக்கம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஜிமெயிலில் பொருள் வரியை மாற்றினால் புது உரையாடல் தொடங்கும். 100 மடல்களைத் தாண்டினாலும் தானே பிரியும். ஆகவே நீண்ட விவாதத்தின் முதல் பாதி ‘காணாமல்’ போனால் பதறாமல் அதே பொருள் வரியைத் தேடிப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் பயன்படுத்துவோர் ‘வியூ’ பகுதியில், இதே போல் உரையாடலாகத் தொகுக்கும் ‘ஷோ அஸ் கான்வர்சேஷன்ஸ்’ என்பதைப் பார்க்கலாம். அங்கே இடப்பக்கச் சிறு முக்கோணத்தை விரித்து, தனி மடலைத் தேர்ந்தெடுத்து நீக்க வேண்டும். ‘கிளீன் அப்’ என்றொரு வசதி, பின்னர் வந்த பதிலுக்குள் முழுதாக அடங்கிவிட்ட பழைய மடல்களை மட்டும் அகற்றுகிறது. அலுவலகப் பெட்டிக்கு மிகப் பயனுள்ளது. அதன் அருகிலேயே இருக்கும் ‘இக்னோர்’ அப்படியல்ல. இருக்கும் மடல்களோடு, அந்த உரையாடலில் இனி வரப்போகும் மடல்களையும் நேரே நீக்கிய மடல்களின் கோப்புறைக்குள் தள்ளிவிடும். ‘பதிலே வரவில்லை’ என்று காத்திருப்பவர்கள் ஒருமுறை அந்தக் கோப்புறையையும் திறந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்