அவள் நோட்டைக் கொண்டுவருவதில்லை

அன்பு நண்பா,

உன் கடிதமும், அதோடு பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுரிமை பற்றி நீ அனுப்பிய நீதிமன்றத் தீர்ப்புக் கட்டும் வந்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். ஆண்டு விழா, பிறகு தேர்வு, அதற்குப் பிறகு இசை அறையின் கூரை ஒழுகி இரண்டு டிரம்ஸ் தோல் பாழானது என்று நாள் ஓடிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உன் மகள் வயலினை நிறுத்திவிட்டாள் என்பதுதான் வருத்தம். வற்புறுத்தாதே. ஆனால் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடாதே, கண்ணில் படுகிற இடத்திலேயே இருக்கட்டும்.

அன்று போனில் பாதியில் நிறுத்திய விஷயத்தை முழுதாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேசும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். கிடார் வாசிப்பாள், சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாட்டு எழுதுவாள். அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறாள். இடப்பக்கம் வரிகள், வலப்பக்கம் கார்ட்ஸ், ஓரத்தில் எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று சின்னச் சின்னக் கமா. அந்தக் கமாக்களைப் பார்த்துத்தான் இவள் விளையாட்டுக்கு எழுதவில்லை என்று புரிந்துகொண்டேன். ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு கொண்டுவந்தாள். தேர்வுக் காலத்தைப் பற்றிய பாட்டு. இரண்டாவது சரணத்தில் இப்படி வரும்:

பேரைச் சொல்லி மார்க்கை வாசிக்கும் மைக்கே,
பின்வரிசையில் அழுவது உனக்குக் கேட்கலையா?

எங்கள் பள்ளியில் மதிப்பெண்களைக் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிப்பார்கள். முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை. நானும் வருஷக்கணக்காக அந்தக் கூட்டத்தில் நிற்கிறேன். பின்வரிசையை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

விழாப் பாட்டுகளை முன்கூட்டியே எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. தாள் திரும்பி வந்தபோது அந்தச் சரணத்தின் குறுக்கே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. காரணம் ஒரு சொல்கூட இல்லை. போய்க் கேட்டேன். பெற்றோர் வருகிற விழா, வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் அங்கேயே நின்று பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அறைக்கு வந்து, அதே சந்தத்துக்கு முயற்சி, வெற்றி என்று நான்கு வரி நானே எழுதினேன். அவளைக் கூப்பிட்டு, "இது இன்னும் நன்றாக உட்காருகிறது, இதைப் பாடு" என்றேன். அது பொய்.

அவள் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. என் வரிகளைத் தன் கையெழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள். கமா எதுவும் போடவில்லை. விழாவன்று சுருதி பிசகாமல் பாடினாள், நல்ல கைதட்டல். அறிவிப்பாளர் "பாடல், இசை, குரல்" என்று மூன்றுக்கும் அவள் பெயரையே வாசித்தார். மேடை ஓரத்தில் நின்றிருந்த எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. அன்றிலிருந்து ஒத்திகைக்குத் தவறாமல் வருகிறாள், கொடுத்ததை வாசிக்கிறாள். நோட்டை மட்டும் கொண்டுவருவதில்லை. கேட்டால், "வீட்டில் இருக்கு சார்" என்பாள்.

இன்னொரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருஷம் அவன் ஒரு ராப் எழுதினான். கூடப் படிக்கும் ஒருவனின் திக்குவாயைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்யும் பாட்டு. தாளக்கட்டு பிரமாதம். ஆனாலும் நிறுத்தினேன். அவனை எதிரில் உட்காரவைத்து, "நீ பாடி முடித்ததும் அந்தப் பையன் இந்த அறையில் எப்படி உட்கார்ந்திருப்பான், சொல்லு" என்றேன். அரைமணி நேரம் சண்டை போட்டான். முறைத்துக்கொண்டே போனான். அடுத்த வாரமே புதுப் பாட்டோடு வந்து நின்றான், இன்னும் வந்துகொண்டிருக்கிறான். இரண்டு பேரின் பாட்டிலும் கை வைத்தவன் நான்தான். ஒருவனிடம் காரணத்தை நேருக்கு நேர் சொன்னேன், அவன் பதிலுக்குக் கத்தவும் இடம் இருந்தது. அவளிடம் காரணத்தை மறைத்து, பாராட்டுப் போலச் சொன்னேன்.

பாட்டு வாத்தியார் நாள் முழுக்கத் திருத்துகிறவன். அரைக்கட்டை இறக்கிப் பாடு, எடுப்பில் அவசரப்படாதே, இந்த வரியில் எழுத்து நெருக்குகிறது, மூச்சுக்கு இடம் விடு என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் அந்தத் திருத்தம் எல்லாம் பாட்டு சொல்ல வந்ததை இன்னும் நன்றாகச் சொல்ல வைப்பதற்கு. அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரிகிறது.

சரி, உன் தீர்ப்புகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன், சிலதை இரண்டு தடவை. அமெரிக்காவில் 1965-இல் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டி வந்ததற்காகச் சில மாணவர்களைப் பள்ளியை விட்டு நிறுத்திவைத்தது, 1969-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது, மாணவர்கள் தங்கள் பேச்சுரிமையைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருவதில்லை என்று சொன்னது. படிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. உடனே அடுத்த தாளில் 1988-ஆம் ஆண்டு ஹேசல்வுட் வழக்கை வைத்திருக்கிறாய். பள்ளிப் பத்திரிகையில் இருந்து இரண்டு பக்கத்தைத் தலைமை ஆசிரியர் எடுத்துவிட்டார், நீதிமன்றம் அவர் செய்தது சரி என்றது. பள்ளியின் பெயரில் நடக்கிற எதிலும், நாடகம் போன்றவற்றிலும்கூட, கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளி தலையிடலாம் என்கிறது. எங்கள் விழா மேடையும் அந்தக் கணக்கில்தான் வரும், இல்லையா? அதை மறுக்கவில்லை. கட்டடம் பள்ளியுடையது, மைக் பள்ளியுடையது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே காரணம் என்று ஒன்று கேட்கிறார்களே. பெருக்கல் குறி ஒரு காரணம் ஆகுமா?

என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது வாஷிங்டன் மாநில வழக்குதான். 2006-இல் பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு பள்ளியின் காற்றுக்கருவிக் குழுவினர், ஃபிரான்ஸ் பீபலின் 'ஆவே மரியா'வை வாசிக்க ஆசைப்பட்டார்கள். யாரும் பாடப்போவதில்லை, வெறும் வாத்திய இசை. தலைப்பு மதம் சார்ந்தது என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. சாக்ஸஃபோன் வாசித்த மாணவி வழக்குப் போட்டாள், 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது, 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அதைத் தேர்ந்தெடுத்தது, கடைசியாக ஒருமுறை சேர்ந்து வாசிக்க அதுதான் அவர்களுக்கு அழகாகத் தோன்றியது என்பதற்காக. வருஷக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊதியவர்கள், பிரிகிற நாளில் எதை வாசிக்கலாம் என்று யோசிப்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். சொல்லே இல்லாத இசைக்கும் இந்த நிலைமை என்றால், தலைப்பைப் பார்த்துப் பயந்தார்களே தவிர ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அரசுப் பள்ளி மதத்தில் ஒருபக்கம் சாயக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது என்பதையும் நீ ஓரத்தில் குறித்திருக்கிறாய். இருக்கலாம். எனக்கு மனது ஆறவில்லை.

மிசிசிப்பி மாணவனின் ராப் வழக்கில் எனக்கு இரண்டு மனது. அவன் பள்ளிக்கு வெளியே ஸ்டுடியோவில் பதிவு செய்து 2011-இல் இணையத்தில் போட்டான். இரண்டு பயிற்சியாளர்கள் மாணவிகளிடம் தவறாக நடக்கிறார்கள் என்பதுதான் பாட்டின் குற்றச்சாட்டு. மிரட்டலாக ஒலிக்கும் வரிகளும் இருந்தன, இடைநீக்கம் செய்தார்கள், 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு பள்ளிக்கே சாதகமாகச் சொன்னது. மிரட்டல் என்று பயந்த ஆசிரியரின் இடத்தில் நின்றும் பார்த்தேன், பயம்தான் வரும். ஆனால் ராப் மிகைப்படுத்திப் பேசும் வடிவம் என்று கில்லர் மைக் போன்ற கலைஞர்களே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது நியாயம் இல்லையா? ஒரு வடிவத்தைத் தெரியாமல் அதன் வரிகளை மட்டும் தாளில் எடுத்துப் படித்தால் எதுவும் பயங்கரமாகத்தான் தெரியும். உச்ச நீதிமன்றம் அதையும் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் கீழே நீ வைத்திருந்த கேரள வழக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது பாட்டைத் தடுத்த வழக்கே அல்ல. தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்று, தங்கள் மத நம்பிக்கை காரணமாக வாய் திறந்து பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பாடாமல் இருப்பதற்கும் ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டு என்று. அதைப் படித்த இரவுதான் நான் செய்தது என்னவென்று முழுதாக உறைத்தது. ஒரு பத்திரிகையில் பக்கத்தை எடுத்தால் அந்தப் பக்கம் இல்லாமல் போகும், அவ்வளவுதான். பாட்டில் ஒரு சரணத்தை எடுத்தால் மெட்டு அப்படியே காலியாக நிற்கும், அதில் யாராவது எதையாவது நிரப்ப வேண்டும். நிரப்பியதை அந்தப் பிள்ளை தன் குரலில், தன் பெயரில், நானூறு பேருக்கு முன்னால் தன்னுடையதைப் போலப் பாட வேண்டும். வெட்டியதுகூட இரண்டாவதுதான். என் சொல்லை அவள் வாயில் வைத்தேனே, அதுதான் நண்பா.

போன செவ்வாய்க்கிழமை ஒத்திகை முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவளை நிறுத்தினேன். வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். "அன்றைக்கு நான் கொடுத்த வரிகள் நன்றாக இருந்தன என்று சொன்னது பொய்மா. பயந்துதான் மாற்றினேன்" என்றேன். கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ என் சரணம் நல்லா இருந்துச்சா சார்?" என்று கேட்டாள். இருந்தது, ஆனால் "கேட்கலையா" என்று முடிகிற இடத்தில் மூச்சு முட்டுகிறது, அங்கே ஒரு எழுத்தைக் குறைக்கலாம் என்றேன். உதட்டுக்குள்ளேயே ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், முட்டுது" என்றாள். வயரை மாட்டிவிட்டுப் போனாள்.

நோட்டு இன்னும் வரவில்லை.

தலைமை ஆசிரியரிடமும் பேசிவிட்டேன். கோபப்படவில்லை. "என்ன செய்யலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்" என்றார். மதிப்பெண் வாசிப்பதைப் பற்றியும் சொன்னேன், பார்க்கலாம் என்றார். அந்த ஒரு பக்கத்துக்குத்தான் உன் உதவி வேண்டும். என் மனதில் இருப்பது இவ்வளவுதான்: பாட்டை மறுப்பதானால் எழுதியவரை எதிரில் வைத்துக்கொண்டு காரணம் சொல்ல வேண்டும், அவருக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும், எழுதியவர் சம்மதம் இல்லாமல் யாரும் வேறு வரி போடக்கூடாது. மாற்ற மனமில்லை என்றால் அந்த இடத்தை வெறும் வாத்தியத்தில் வாசிக்க அனுமதிக்க வேண்டும். வீட்டில் பாடிப் பதிவு செய்வதைப் பற்றி ஏதாவது எழுதலாமா, இல்லை, பள்ளிக்கு அதில் வேலையே இல்லை என்று விட்டுவிடலாமா? நீதான் சொல்ல வேண்டும். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவில் கலை வடிவத்தில் சொல்வதும் கருத்துரிமைதான் என்று இருக்கிறதே, அதை முதல் வரியாகப் போட ஆசை. நீதிமன்ற மொழி வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

கல்லூரி விழாவில் நம் பாட்டின் நடுவே மைக்கை அணைத்தார்களே, நீ நிறுத்தாமல் பாடினாயே, நினைவிருக்கிறதா? அப்போது நான் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டேன். அதைப் பற்றி இதுவரை நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த விழாவுக்கான ஒத்திகை அடுத்த மாதம் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் எழுது. முடிந்தால் நேரிலேயே வந்து பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார். மகளையும் அழைத்து வா, வயலின் இல்லாமல் வந்தாலும் சரி.

அன்புடன்,
உன் பழைய கீபோர்டுக்காரன்