பெரியப்பாவும் அங்கிள், தாய்மாமனும் அங்கிள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் கடிதத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கொரியத் தொடர்களைப் பிடிபிடியென்று பிடித்திருந்தார். நம் வாழ்க்கைக்குக் கொஞ்சமும் ஒட்டாத கதைகளாம், வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்களாம். கெட்டுப்போனவர்களில் நானும் ஒருத்தி. அதனால் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

அரக்கோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக ரவிக்கைதான் தைக்கிறேன். மிஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒரு டிவி மாட்டியிருக்கிறது. நான் அதைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். கொக்கி வைக்கும்போதோ கழுத்துக்குப் பைப்பிங் கொடுக்கும்போதோ தலையைத் தூக்கினால் தையல் கோணிக்கொள்ளும். கண் ஊசியில் இருக்கும், காது டிவியில் இருக்கும். கீழே எழுத்து ஓடுவதெல்லாம் எனக்குப் பிரயோசனம் இல்லை. தமிழில் பேசினால்தான் எனக்கு அது தொடர்.

2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்களைத் தமிழ் பேசவைத்துப் போட்டார்கள். அப்படித்தான் ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ கேட்கத் தொடங்கினேன். அதன் கதாநாயகியின் குடும்பம் சலவைக் கடை வைத்துப் பிழைக்கிறது. பணக்காரப் பள்ளிக்கூடத்துக்குத் துணி கொடுக்கப் போன இடத்தில்தான் அவள் கதையே மாறுகிறது. துணிப் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய வீட்டு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்து நாலு பணக்காரப் பையன்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை இங்கே எழுதினால் நீங்கள் அச்சிட மாட்டீர்கள்.

ஒட்டாத கதை என்கிறார் ஐயா. ‘ரிப்ளை 1988’ என்று ஒரு தொடர். 2015 கடைசியில் கொரியாவில் ஒளிபரப்பானது. சியோலில் ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பங்கள். ஒரு வீட்டில் செய்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அங்கிருந்து வேறொன்று வருகிறது. பிள்ளைகள் கையில் கிண்ணத்தோடு சந்துக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சொன்னு அம்மா’ என்கிற மாதிரிதான். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நோட்டில் ‘கார்த்தி அம்மா, 2 லைனிங்’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அதில் ஒரு வீட்டு நடுப்பிள்ளை தொக்சொன். முதல் பகுதியிலேயே ஒரு இடம் வரும். அக்காவுக்கும் அவளுக்கும் சில நாள் வித்தியாசத்தில் பிறந்தநாள். வருஷா வருஷம் அக்காவின் கேக்கிலேயே மெழுகுவத்தியை மாற்றிவைத்து இவளுக்கும் சேர்த்து முடித்துவிடுவார்கள். இந்த வருஷம் வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறாள். அப்படியும் அதையே செய்கிறார்கள். அப்போது வெடிக்கிறாள். கேக்குக்காக மட்டும் இல்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டை பொரித்துக் கொடுக்கிறீர்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை, எனக்கும் முட்டை பிடிக்கும் என்று அழுகிறாள். நான் மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. எங்கள் வீட்டில் கோழிக்கால் அண்ணனுக்கும் தம்பிக்கும் போகும். ‘நீ கழுத்த எடுத்துக்கம்மா, அதுலதான் ருசி’ என்பார் அப்பா. கழுத்தில் ருசி இருக்கிறது என்று இருபது வயது வரை நம்பினேன்.

2025 மார்ச்சில் வந்ததே, ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’, ஜெஜு தீவுக் கதை, அதிலும் இதே சங்கதிதான். எல்லார் தட்டிலும் மீன் விழுகிறது, தகப்பனில்லாத அந்தச் சின்னப் பெண்ணின் தட்டில் மட்டும் இல்லை. கடலில் மூச்சடக்கி முங்கி நத்தையும் சிப்பியும் எடுத்துப் பிழைக்கிற அவள் அம்மா அது தெரிந்ததும் படுகிற பாடு இருக்கிறதே. ஒட்டவில்லை என்கிறவர் தன் வீட்டுப் பந்தியில் பரிமாறியவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இந்த இரண்டையும் நான் தமிழில் கேட்கவில்லை. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய உதிரிபாகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். அவள் வந்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஐயா சொல்வதில் ஒரு பாதி உண்மை. தமிழ் டப்பிங்கில் கேட்கிற கொரியாக்காரர்கள் அந்நியமாகத்தான் இருக்கிறார்கள். அவர்களை அந்நியமாக்கினது கதை இல்லை, டப்பிங்.

போன ஆடியில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம். பெரிய குடும்பம், திவசம் கொடுக்கிற உரிமை யாருக்கு, தாத்தா சொத்து யாருக்கு என்று சண்டை. கதாநாயகி ஒரு ‘அங்கிளோடு’ சண்டை போடுகிறாள், இன்னொரு ‘அங்கிள்’ சமாதானம் செய்கிறார், மூன்றாவது ‘அங்கிள்’ செத்துப்போகிறார். யார் யாரென்று புரியாமல் ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பார்த்தேன். குனிந்து பார்த்தால் வலது பக்கத்தில் இடது கையை வைத்து முழுக்க ஓட்டியிருக்கிறேன். பட்டு ரவிக்கை, நிச்சயதார்த்தத்துக்கு.

மகளிடம் போனில் சொல்லித் தீர்த்தேன். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். கொரிய மொழியில் அப்பாவின் அண்ணனுக்கு ‘குன் அபொஜி’ என்று பேர். குன் என்றால் பெரிய, அபொஜி என்றால் அப்பா. அச்சு அசலாகப் பெரியப்பா! அப்பாவின் தம்பி ‘ஜாகுன் அபொஜி’, சின்ன அப்பா, நம் சித்தப்பா. அம்மாவின் அண்ணன் தம்பிக்கு வேறு சொல், அத்தைக்கு வேறு, சித்திக்கு வேறு. எல்லாவற்றுக்கும் நம்மிடம் தயாராகச் சொல் இருக்கிறது. இங்கிலீஷில் இல்லை. அங்கே எல்லாமே அங்கிள், ஆன்ட்டி. கொரியனை இங்கிலீஷாக்கி அந்தத் தாளைத் தமிழாக்கினால் பெரியப்பா எங்கே பிழைப்பார்?

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு வேலையாகிவிட்டது. காதில் விழுகிற தமிழ் எங்கே உறுத்துகிறதோ அதைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் குறித்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை மகளிடம் கேட்பேன். எட்டு பக்கம் ஆகிவிட்டது.

ஒரு சின்னப் பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறான். ‘நான் போறேன்மா’ என்கிறான். எனக்குப் பகீரென்றது. எந்த வீட்டிலாவது பிள்ளை வாசல்படியில் நின்று போறேன் என்று சொன்னால் அம்மா சும்மா விடுவாளா? அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ நடக்கப்போகிறது, பையனுக்கு ஆபத்து என்று அரைமணி நேரம் காத்திருந்தேன். சாயங்காலம் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தான். கொரிய மொழியில் அவன் சொன்னது ‘தன்யொ ஒல்கெயோ’. போய்ட்டு வரேன் என்றுதான் அர்த்தம். ஜப்பான்காரர்களும் வாசலில் அப்படித்தான் சொல்வார்களாம். இங்கிலீஷ் வழியாக வந்ததில் ‘வரேன்’ வழியிலேயே விழுந்துவிட்டது.

இன்னொன்று. ‘என் அம்மா, என் வீடு’ என்றே எல்லாரும் பேசுகிறார்கள். நாம் ‘எங்கம்மா, எங்க வீடு’ என்போம். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத ஒற்றைப்பிள்ளைகூட எங்கம்மா என்றுதான் சொல்லும். கொரியாக்காரர்களும் ‘உரி’ என்கிறார்கள், எங்கள் என்று. ‘மை மதர்’ இடையில் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டது.

எல்லாவற்றிலும் எனக்குச் சிரிப்பு வந்தது இதற்குத்தான். ஒரு காதல் தொடர், பத்தாவது பகுதியோ என்னவோ. அவன் ரொம்பத் தயங்கி, தொண்டையைக் கனைத்து, ‘இனிமே நாம சாதாரணமா பேசலாமா?’ என்று கேட்கிறான். அவள் வெட்கப்படுகிறாள். பின்னணியில் இசை வேறு. முதல் பகுதியிலிருந்தே இரண்டு பேரும் நீ, வா, போ என்றுதானே பேசிக்கொண்டிருந்தார்கள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மூலத்தில் அதுவரை இருவரும் மரியாதைப் பேச்சில் பேசுகிறார்கள். அந்த இடத்தில்தான் ‘நீங்க’வை விட்டு ‘நீ’க்கு இறங்கலாமா என்று அவன் அனுமதி கேட்கிறான். நம் வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய விஷயம்! கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் என் வீட்டுக்காரரை நான் ‘நீங்க’ என்றுதான் சொன்னேன். ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில், ‘நீ’ என்று வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்தக் காட்சியைத் தமிழில் எழுத இங்கிலீஷ்காரனிடம் போய் யோசனை கேட்பானேன்?

‘ஸ்க்விட் கேம்’ எல்லாரும் பார்த்ததுதான், 2021-ல். கடன்பட்டவர்கள் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடுகிற கதை. அதில் பாகிஸ்தான்காரனாக வரும் அலி, நடித்தவர் நம் டில்லிக்காரர் அனுபம் திரிபாதி. படித்தவனான சாங்வூவை அலி முதலில் ‘சாஜங்னிம்’ என்று கூப்பிடுகிறான். முதலாளி என்று அர்த்தம். பஞ்சம் பிழைக்க வந்தவன் கண்ணில் எல்லாரும் முதலாளிதானே. அப்படிக் கூப்பிடாதே, ‘ஹியோங்’ என்று சொல் என்கிறான் சாங்வூ. அண்ணன். ஆறாம் பகுதியில் கோலிக்குண்டு விளையாட்டில் அந்த அண்ணன்தான் அவன் பையில் கல்லை வைத்து ஏமாற்றிவிட்டுப் போகிறான். அலி அவனைத் தேடிக்கொண்டு அண்ணா, அண்ணா என்று கூப்பிடுகிறான். முதலாளியிலிருந்து அண்ணனுக்கு வந்த தூரம் தெரிந்தால்தானே அந்தத் துரோகம் வயிற்றைப் பிசையும். ‘மொதலாளி’, ‘அண்ணே’ என்ற இரண்டு சொல்லும் நம் ஊரில் ஒவ்வொரு டீக்கடையிலும் கிடக்கின்றன.

‘ஒப்பா’ ஒன்றுதான் சிக்கல் என்பார்கள். பெண் தன் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவாள், காதலனையும் அப்படித்தான். அதை அண்ணா என்று போட்டால் அபச்சாரம், பேர் சொல்லிக் கூப்பிடவைத்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. காதலன் இடத்தில் ‘மாமா’ என்று போட்டுப் பாருங்கள் என்கிறேன் நான். மகள் ஒத்துக்கொள்ளவில்லை, அது கிராமத்துப் படம் மாதிரி ஆகிவிடும் என்கிறாள். இதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை.

குரல் கொடுக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அழுகையும் கோபமும் எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள். கையில் கொடுத்த தாளைத்தானே அவர்கள் படிக்க முடியும். குறை அளவெடுப்பதில் இருக்கிறது. சில பேர் அளவு ரவிக்கை என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள். அது அவர்கள் அக்காவுக்குத் தைத்ததாக இருக்கும். அதை வைத்து வெட்டினால் அக்குளில் இழுக்கும், தோளில் தொங்கும். ஆள் எதிரிலேயே நிற்கும்போது டேப்பை எடுத்து உடம்பில் அளக்க வேண்டியதுதானே. கொரிய மொழிக்கும் தமிழுக்கும் வாக்கியமே ஒரே வெட்டு என்கிறாள் மகள். வினை கடைசியில் வரும், இல்லை என்பதும் பல இடங்களில் அதற்குப் பின்னால்தான் வரும். ‘எனக்கு உன்னைப் பிடிக்க’ வரைக்கும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் ‘-லை’ என்னும்போது கண் கலங்குகிறதே, அந்த இடத்தில் தமிழ் அப்படியே போய் உட்காரும்.

(கொரியனும் தமிழும் ஒரே குடும்பம் என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களை நான் நம்புகிறவள் இல்லை. அப்பா, அம்மா ஒத்துப்போனால் அண்ணன் தம்பி ஆகிவிடுமா? மொழி அறிஞர்கள் அதை ஏற்பதில்லையாம். எனக்கு ரவிக்கை பொருந்தினால் போதும், பூர்வீகம் வேண்டாம்.)

ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கிய 1998-லிருந்து அந்தப் பக்கம் கொரியாக்காரர்களோடு புழங்குகிற தமிழர்கள் ஏராளம். சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்திலும் வேறு இடங்களிலும் பிள்ளைகள் காசு கட்டிக் கொரியன் படிக்கிறார்கள், பாதிப் பேர் இந்தத் தொடர்களுக்காகவே. அவர்களைக் கூப்பிட்டு மூலத்திலிருந்து எழுதவைக்கட்டும், நல்ல கூலி கொடுக்கட்டும், முடிவில் ஓடுகிற பெயர்களோடு மொழிபெயர்த்தவர் பெயரையும் போடட்டும். தொடர் வாங்கிப் போடுகிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் படித்தால் இது அவர்களுக்கு.

கடிதம் எழுதிய தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒன்று. பதினாறே பகுதியில் முடிகிறது, மாமியார் விஷம் வைப்பதில்லை என்று நானும் கொரியாவைப் புகழ்ந்து தள்ள மாட்டேன். அங்கேயும் தினத்தொடர் நூறு பகுதி தாண்டி இழுக்கிறதாம், மருமகளைக் கரித்துக்கொட்டுகிற மாமியார்கள் அதில் நிறைய உண்டாம். அது இங்கே அதிகம் வருவதில்லை, அவ்வளவுதான். வந்தால் அதையும் கேட்பேன், பெரியப்பாவைப் பெரியப்பா என்று சொன்னால்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
அரக்கோணம்.

பி.கு.: கை மாறின அந்தப் பட்டு ரவிக்கையை ராத்திரியே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். பழைய ஊசித் துளை லேசாகத் தெரிந்தது. கார்த்தி அம்மா கவனிக்கவில்லை, நானே சொல்லிவிட்டேன். கூலி வாங்கவில்லை.