உப்பளச் சிவப்பு சாயக்கழிவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடையில் தூத்துக்குடி உப்பளப் பாத்திகள் சிவந்தால் உடனே சாயக்கழிவு என்று செய்தி பரவுகிறது. தண்ணீர் 25 டிகிரி பாமேயை (இது வெப்பமல்ல, உப்புநீரின் அடர்த்தி அளவு) எட்டி உப்பு படியத் தொடங்கும் வேளையில் நிறம் ஏறுவது இயல்பு. பெரும்பாலும் ஹாலோபாக்டீரியம் போன்ற ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தோன்றும் தனி வகை) நுண்ணுயிர்கள்தான் காரணம். டுனாலியெல்லா சலைனா என்ற பாசிக்கும் பங்குண்டு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இந்தப் பாத்திகளில் 300 கிராம் வரை வரும். சாதாரண செல் அதில் நீரிழந்து சுருங்கிவிடும். பாசி தனக்குள் கிளிசராலைச் சேர்த்துத் தப்பிக்கிறது. ஆர்க்கியாவோ வெளியே உள்ள சோடியத்துக்கு ஈடாக உள்ளே பொட்டாசியத்தை ஏற்றிக்கொள்கிறது. அவ்வளவு உப்பில் நம் புரதங்கள் திரிந்துவிடும். ஆர்க்கியாவின் புரதங்களில் அஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்கள் மிகுதி. அவற்றின் எதிர்மின்னேற்றம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் உப்பு குறைந்தால் அதே புரதங்கள் குலைந்துபோகும், செல்லும் வெடிக்கும்.

பள்ளி ஆய்வகங்களில் தவறுவது இங்கேதான். பாத்தி நீரை வாலை வடிநீரில் கலந்து நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, உயிர் எதுவும் இல்லை, சாயம்தான் என்று எழுதிவிடுகிறார்கள். லிட்டருக்கு 250 கிராம் உப்பு கரைத்த நீரில் கலந்து பார்த்தால் குச்சி வடிவ செல்கள் தெரியும். சாயமா உயிரா என்று அறிய 0.45 மைக்ரான் வடிதாளில் வடியுங்கள். சிவப்பு தாளில் தங்கி, வடிந்த நீர் தெளிந்திருந்தால் நுண்ணுயிர். கரைந்த சாயம் என்றால் நீரோடு இறங்கிவிடும். சாதாரண வடிதாள் உதவாது, அதன் துளை வழியே செல்களும் போய்விடும்.

கருவாட்டில் வரும் செந்நிறப் பூச்சும் இதே ஆர்க்கியா கூட்டம்தான். வெயிலில் விளைந்த உப்பின் படிகத்துக்குள் சிக்கிய நீர்த்துளியில் உயிரோடு கிடந்து மீனுக்கு வருகிறது. ஆகவே இன்னும் கூடுதலாக உப்பைக் கொட்டுவதில் பயனில்லை. நிறைவுற்ற உப்புநீரின் நீர்ச்செயல்பாடு (நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் நீரின் அளவுகோல், தூய நீருக்கு 1) 0.75, அதிலேயே இவை வளரும். மீனை அதற்கும் கீழே போகும்வரை உலர்த்த வேண்டும், அல்லது குளிரில் வைக்க வேண்டும். காற்றுப் புகாத பொதியும் உதவும், இவற்றின் வளர்ச்சிக்கு ஆக்ஸிஜன் வேண்டும். ஈரம் போகாத கருவாட்டைச் சாக்கில் கட்டி வெக்கையில் அடுக்குவதுதான் இவற்றுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர், தூத்துக்குடி