புறாவுக்கு அரிசி போடும் எங்கள் அடுக்குமாடி புளோக் பெரியவர்களுக்கு

அன்புள்ள அம்மாக்களே, ஐயாக்களே,

வணக்கம். விடிந்தும் விடியாத நேரத்தில், கீழ்த்தளத்தை ஒட்டிய புல்வெளியில் நீங்கள் அரிசி இறைப்பதைப் பல மாதங்களாகப் பார்க்கிறேன். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் என் பாட்டி ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

போன மாதம் எங்கள் வீட்டு ஏர்கான் பெட்டிக்குப் பின்னால் இரண்டு புறாக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. ஒன்றுக்கு இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. அவற்றை எடுத்துப் போட்ட அன்று இரவு சோறு இறங்கவில்லை. இந்த மடலை எழுத வைத்தவை அந்தக் குஞ்சுகள்தான்.

எந்த உயிரினமும் கணக்கில்லாமல் பெருகிக்கொண்டே போவதில்லை. இரை, தண்ணீர், கூடு கட்ட இடம், நோய், அடித்துத் தின்னும் விலங்கு என்று ஏதாவது ஒன்று தடுத்து நிறுத்தும். மற்றதெல்லாம் தாராளமாக இருந்தும் ஒன்று மட்டும் குறைந்தால், அந்த ஒன்றே எண்ணிக்கையை முடிவுசெய்துவிடும்.

நம் தீவிலேயே இதைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன இருவாட்சிப் பறவை, 1994இல் பக்கத்துக் குட்டித்தீவான புலாவ் உபினில் மறுபடி தென்பட்டது. அதற்குத் தின்னப் பழம் இருந்தது. பெரிய பொந்துள்ள முதிர்ந்த மரங்கள்தான் போதவில்லை. பெண் இருவாட்சி பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னப் பிளவு வழியாக ஆண் இரை ஊட்டும். பொந்து இல்லையென்றால் குஞ்சும் இல்லை. 2004இல் தொடங்கிய திட்டத்தில் மரங்களில் கூட்டுப் பெட்டிகளை மாட்டினார்கள். பறவைகள் பெருகின. இன்று சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் அவற்றைப் பார்க்கும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

புறாவுக்குக் கூடு ஒரு பிரச்சினையே இல்லை. அதன் மூதாதை பாறை இடுக்கில் வாழ்ந்த பறவை. நம் ஏர்கான் திட்டும் ஜன்னல் விளிம்பும் அதற்குப் பாறைதான். இரண்டு முட்டையிட்டு, பதினெட்டு நாள் அளவில் பொரிக்கும். குஞ்சுக்குப் புழு பூச்சி தேடி அலைய வேண்டாம். தாயும் தந்தையும் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும். தானியம் மட்டும் கிடைத்தால், குளிர்காலமே இல்லாத நம் ஊரில் வருடம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். ஆக, இங்கே புறாக்களுக்குப் பெரும்பாலும் ஒரே கட்டுப்பாடு இரை. அதைத்தான் நாம் தினமும் தளர்த்துகிறோம்.

அரிசி கூடினால் ஒவ்வொரு புறாவின் வயிறும் நிறையும் என்று தோன்றும். உண்மையில் புறாக்கள்தான் கூடும். அப்புறம் அதே பசி, இன்னும் அதிக வாய்கள். நெரிசலில் நோய் பரவும், கூட்டுக்குச் சண்டை நடக்கும், முதலில் சாவது குஞ்சுகள்.

கொல்வதும் வழியல்ல. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை ஏறக்குறைய ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை 20,000 அளவிலேயே நின்றது. செத்தவற்றின் இடத்தை இளம் புறாக்கள் பிடித்துக்கொண்டன. 1988இல், முக்கியமாகத் தீனி போடுவதைக் குறைக்கச் சொல்லி மக்களிடம் பேசத் தொடங்கினார்கள். நான்கு ஆண்டு சொச்சத்தில் புறாக்கள் பாதியாகின. நம் புளோக்கிலும் அப்படி நடக்க வேண்டும் என்பதே என் ஆசை.

சட்டமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 முதல், புறாவுக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அந்த அபராதக் கடிதம் உங்களில் யார் வீட்டுக்கும் வந்துவிடக் கூடாது.

சரி, அமாவாசைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் அம்மா இப்போது அந்த அரிசியைச் சேர்த்துவைத்துக் கோவில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுகிறார். உங்களுக்கு இதைவிட நல்ல யோசனை இருந்தால் கேட்க ஆசைப்படுகிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கீழ்த்தளக் கல்மேசையில் இருப்பேன். அம்மாவும் வருகிறார்.

அன்புடன்,
ஆறாவது மாடிப் பையன்