காங்கோ மீனவருக்குப் பெயர் இல்லையா?
பயணப் புகைப்படப் போட்டிகளின் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களே,

போட்டி முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் காங்கோ ஜனநாயகக் குடியரசில் எடுத்த படங்களைத்தான் நான் முதலில் தேடுவேன். அண்மையில் பரிசு பெற்ற படம் ஒன்றில், கிசங்கானி நகரை ஒட்டி வாகேனியா மக்கள் மீன்பிடிக்கும் இடத்தில் ஒருவர் கொந்தளிக்கும் நீருக்கு மேலே மரச்சாரத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தார். அருமையான படம். கீழே, எடுத்தவரின் பெயர், கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் இருந்தன. தொங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு 'ஆப்பிரிக்க மீனவர்' என்ற இரண்டு சொற்களே கிடைத்தன. இந்த நிலையை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று பாருங்கள். காங்கோ ஆறு அங்கே பாறைகளில் மோதிப் பாய்கிறது. பாறைகளில் உள்ள குழிகளில் பருத்த மரங்களை ஊன்றி, காட்டுக்கொடிகளால் வரிந்து கட்டிச் சாரம் எழுப்புகிறார்கள். ஓர் ஆள் உள்ளே நுழையக்கூடிய அளவுக்குப் பெரிய, கூம்பு வடிவக் கூடைகளைச் சாரத்திலிருந்து வெள்ளத்தின் வாய்க்கு நேராக இறக்குகிறார்கள். உள்ளே வந்த மீன் திரும்ப முடியாதபடி நீரின் விசையே அதைக் கூடையின் அடியில் அழுத்தி வைத்துவிடுகிறது. பிள்ளைப் பருவத்திலிருந்தே அந்த ஆற்றோடு பழகியவர்களுக்குத்தான் இந்த வேலை கைவரும். இதில் ஒரு வரிகூட உங்கள் கண்காட்சிச் சுவரில் இல்லை. பார்வையாளர்கள் ஊரில் கட்டணம் செலுத்திய பிறகு, மீனவர்கள் அவர்களுக்காகவே சாரத்தில் ஏறிக் காட்டுவதும் உண்டு. அப்படிப் பணம் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை, அது உழைப்புக்குக் கூலி. ஆனால் கட்டணத்துக்குச் செய்து காட்டியதை, தற்செயலாகக் கண்ணில் பட்ட அன்றாடக் காட்சியைப்போல முன்வைத்துப் பரிசு வாங்குவது நேர்மையாகாது.

பெயர் எழுதினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அதே நாட்டிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1904 மே மாதம், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனி உடைமையாகக் காங்கோ இருந்த காலம். ரப்பர் கம்பெனியின் காவலாட்கள் ஐந்து வயது மகளைக் கொன்றுவிட, எஞ்சிய சிறு கையையும் காலையும் இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஒரு தந்தை பாரிங்கா என்ற ஊரின் கிறிஸ்தவ மிஷன் இல்லத்துக்கு வந்தார். அங்கிருந்த ஆங்கிலேய மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸ், அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் படமெடுத்தார். தந்தையின் பெயர் ந்சாலா, ஊர் வாலா, மகளின் பெயர் போவாலி. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதை என்னால் சொல்ல முடிகிறது என்றால், படத்தோடு பெயர்களும் ஊரும் சேர்ந்தே பயணம் செய்ததுதான் காரணம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த கூட்டங்களில் திரையில் காட்டப்பட்ட படங்களில் அதுவும் ஒன்று. எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று சொல்ல முடிந்ததால், கட்டுக்கதை என்று தள்ளிவிட முயன்றவர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்து, 1908-இல் லியோபோல்ட் காங்கோவைக் கைவிட நேர்ந்தது. (அடுத்து வந்த பெல்ஜிய அரசின் ஆட்சியும் கொடியதுதான், அது தனிக் கதை.)

மனிதரைப் பெயர் நீக்கி வெறும் மாதிரியாக்கும் வழக்கத்தைக் காலனி ஆட்சி எங்கெங்கும் பரப்பியது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் முன்னோரின் மூக்கையும் மண்டையையும் அளந்து, சாதிக்கு ஒரு முகம் என்று படமெடுத்து வைத்தார். அந்தப் பக்கங்களைப் புரட்டும் எந்தத் தமிழருக்கும் நெஞ்சு சுருக்கென்று குத்தும். கிசங்கானியில் ஒருவர் உங்கள் பரிசுப் படத்தைப் பார்க்கும்போதும் அப்படித்தான் குத்தும்.

காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் உள்ள மலைக் கொரில்லாக்கள் இன்னொரு சிக்கல். நம் சளியும் இருமலும் அவற்றைக் கொன்றுவிடக்கூடும். அதனால்தான் அங்கே முகக்கவசம் கட்டாயம். கோவிட் பரவலுக்குப் பிறகு குரங்கின ஆய்வாளர்கள் வலியுறுத்தும் இடைவெளி 10 மீட்டர். 24 மி.மீ. அகலக்கோண லென்ஸில் ஒரு கொரில்லாவின் முகம் படம் முழுவதும் நிறைந்திருந்தால், எடுத்தவர் கைநீட்டும் தூரத்தில் இருந்திருக்கிறார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. லென்ஸின் விவரம் கோப்பிலேயே பதிந்திருக்கிறது. கொரில்லா தானாகவே நெருங்கி வருவதும் உண்டு. அப்போது பின்வாங்கச் சொல்லும் வழிகாட்டியின் பேச்சைக் கேட்டாரா, கேமராவைத் தூக்கினாரா என்று விசாரியுங்கள். 2019-இல் உலகம் முழுவதும் பரவிய ஒரு செல்ஃபியில் இரண்டு கொரில்லாக்கள் காவலருக்குப் பின்னால் மனிதரைப்போல நிமிர்ந்து நின்றன. அவை காப்பகத்தில் வளர்ந்த அநாதைக் குட்டிகள், ந்டாகாசியும் ந்டேசேயும். அந்த விவரம் தெரியாமல் பார்த்தவர்கள், காட்டுக் கொரில்லாவோடும் தோளுரசி நிற்கலாம் என்றல்லவா எண்ணியிருப்பார்கள்! பார்த்தீர்களா, கொரில்லாக்களுக்குக்கூடப் பெயர் பதிவாகியிருக்கிறது.

படமெடுக்க வேண்டாம் என்று சொல்பவரை மதித்தால் நல்ல படம் கிடைக்காது என்பார்கள். கிரிப்பி கட்டெம்போ என்ற காங்கோ கலைஞரின் படங்களை அவர்களுக்குக் காட்டுங்கள். தலைநகர் கின்ஷாசாவின் தெருவில் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் மக்கள் விரும்புவதில்லை என்பது அங்கே வாழ்ந்த அவருக்குத் தெரியும். அதனால் மழைநீர் தேங்கிய குட்டைகளைப் படமெடுத்தார். குட்டையில் தலைகீழாக விழுந்த கட்டடங்களையும் நடந்துபோகும் மனிதர்களையும் எடுத்து, அந்தப் படத்தைத் திருப்பி வைத்தார். தெருவில் கிடந்த கற்களும் குப்பையும் வானத்தில் மிதப்பதுபோலத் தெரிகின்றன. யாரையும் துன்புறுத்தாமல் எடுத்த இந்தப் படங்கள் உலகின் பெரிய காட்சிக்கூடங்களுக்குப் போயின. 2015-இல், 36 வயதில், மலேரியா அவரைக் கொண்டுபோய்விட்டது.

பெயரை எழுதக்கூடாத இடங்களும் உண்டு என்பதை மறந்து எழுதவில்லை. 2025 ஜனவரியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படையினர் கிழக்குக் காங்கோவின் கோமா நகரைப் பிடித்தார்கள். சுக்குடு என்னும் மரவண்டியில் கரிமூட்டை தள்ளிக்கொண்டு போகும் இளைஞரின் பெயரும் ஊரும் வெளியே தெரிந்தால், அங்கே அவருக்கு ஆபத்தாக முடியலாம். குழந்தைகளுக்கும் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். அப்படியானால் 'பாதுகாப்புக் கருதிப் பெயர் தரப்படவில்லை' என்று எழுதட்டும். கேட்டறிந்து மறைப்பவரையும் கேட்கவே தோன்றாதவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஆகவே, அடுத்த போட்டியின் விண்ணப்பப் படிவத்தில், படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், தேதி, அவர் சம்மதித்தாரா, பணம் கொடுக்கப்பட்டதா என்ற விவரங்களைக் கட்டாயமாக்குங்கள். நிரப்பாத படத்தை முதல் சுற்றிலேயே விலக்குங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். கொரில்லாப் படங்களுக்கு மூலக் கோப்பைக் கேளுங்கள். காங்கோவிலிருந்து வரும் படங்களை மதிப்பிட காங்கோ புகைப்படக் கலைஞர் ஒருவரை நடுவராக அழையுங்கள். கின்ஷாசாவில் திறமைக்குப் பஞ்சமில்லை. பரிசு பெற்ற படத்தின் அச்சுப்பிரதி ஒன்று, படத்தில் இருப்பவரின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பரிசுப் பணத்தை வழங்குங்கள். ஆற்றங்கரை ஊருக்கு அதை எப்படி அனுப்புவது என்று படமெடுத்தவர் திகைக்கலாம். அங்கே போய் வர வழி தெரிந்தவருக்கு இதற்கும் ஒரு வழி கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளைத் தவறாமல் பார்க்க வரும் ஒரு புகைப்பட ஆர்வலர்